சீனக்காரம் கிருமியைக் கொல்லாது

மார்கழி வெள்ளம் கிணற்றுக் கட்டுக்கு மேலால் ஏறி வடிந்த பிறகு வயிற்றோட்டத்தோடு வரும் பிள்ளையின் தாயிடம் தண்ணியைப் பற்றிக் கேட்டால், ஒவ்வொரு வருசமும் ஒரே பதில்தான்: “சீனக்காரம் போட்டுத்தானே குடிக்கிறம், கண்ணாடி மாதிரிக் கிடக்கு.”

கண்ணாடி மாதிரித்தான் கிடக்கும். கலங்கலை இறக்குவதுதான் சீனக்காரத்தின் (படிகாரத்தின்) வேலை. அதிலுள்ள அலுமினியம் தண்ணியிலிருக்கும் பைகாபனேற்றோடு தாக்கமுற்று, பஞ்சுபோன்ற அலுமினியம் ஐதரொட்சைட்டாகத் திரளும். சேற்றைச் சேர்த்துக்கொண்டு அடியில் படியும். கிருமிகளிலும் ஒரு பங்கு அதோடு இறங்கும், ஆனால் சாவதில்லை. மிச்சம் மேலேயே நிற்கும். மலகூடக் குழி நிரம்பி வழிந்த வளவில் அந்த மிச்சமே வருத்தத்துக்குப் போதும். சவரக்காயத்தில் தடவினால் எரிகிறதே, அப்ப கிருமி சாகாதோ என்று கேட்பவர்கள் உண்டு. அது தோலைச் சுருக்கி இரத்தத்தை நிறுத்துகிறது, அவ்வளவுதான். தேத்தாங்கொட்டை உரைத்து விட்டாலும் இதே கதை: தண்ணி தெளியும், கிருமி இருக்கும்.

அடுத்தது, கட்டியைக் கிணற்றுக்குள் எறிவது. 3 மீற்றர் விட்டமுள்ள கிணற்றில் 3 மீற்றர் தண்ணி நின்றால் அது ஏறக்குறைய 21,000 லீற்றர். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று பார்த்தாலும் ஒரு கிலோவுக்கு மேல் வேண்டும். கையளவு கட்டி எந்த மூலைக்கு? அப்படியே தெளிந்தாலும் படிவு அடியில்தான் கிடக்கும். மோட்டர் போட்டதும் திரும்பக் கலங்கும்.

வாளியில் செய்யுங்கள். 10 கிராம் தூளை (மட்டம் தட்டின இரண்டு தேக்கரண்டி அளவு) ஒரு லீற்றர் தண்ணியில் கரைத்துப் பிளாஸ்ரிக் போத்தலில் வையுங்கள். அலுமினியச் சட்டி வேண்டாம், கரைசல் புளிப்பானது, சட்டியை அரிக்கும். கலங்கின தண்ணியை நாலு ஒரு லீற்றர் போத்தல்களில் எடுத்து 2, 4, 6, 8 மில்லிலீற்றர் விட்டுப் பாருங்கள். எது குறைந்த அளவில் தெளிகிறதோ அதுதான் உங்கள் கிணற்றின் அளவு. 4 மில்லிலீற்றரில் தெளிந்தால் 20 லீற்றர் வாளிக்கு 80. முதல் ஒரு நிமிசம் வேகமாகக் கலக்கி, பிறகு பத்து நிமிசம் மெதுவாக, திரள் உடையாமல். ஒரு மணித்தியாலம் அசைக்காமல் விட்டு, மேல்தண்ணியை மட்டும் துணியில் வடியுங்கள். பிறகு கொதிக்க வையுங்கள், குமிழி புரண்டு வந்து ஒரு நிமிசம். குளோரின் குளிசை என்றாலும் தெளிந்த பிறகுதான். சேற்றுத் தண்ணியில் குளோரின் சேற்றோடேயே செலவாகிவிடும். சீனக்காரத் தூளையும் குளோரின் தூளையும் ஒரே பாத்திரத்தில் கலக்கவே வேண்டாம், நச்சு வாயு வரும்.

கூடப் போட்டால் கூடத் தெளியும் என்பதும் பிழை. வாயில் துவர்த்தால் அளவு மிஞ்சிவிட்டது, அலுமினியம் கரைந்தே நிற்கிறது. நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும், பழுதானது வெளியேற்றாது. சிறுநீரக நோயாளி இருக்கும் வீடுகள் வவுனியாப் பக்கம் குறைவில்லை. தயவுசெய்து அவர்களுக்கு இந்தத் தண்ணியைக் கொடுக்காதீர்கள்; பவுசர்த் தண்ணியையோ குழாய்த் தண்ணியையோ தேடிக் கொடுங்கள்.

கேத்தில் அடியில் வெள்ளை படியும் கல்லுத் தண்ணிக்கும் இது மருந்தில்லை. கல்சியம் காபனேற்றாகப் படிய வேண்டியது சல்பேற்றாக மாறித் தண்ணியிலேயே நிற்கும். கொதிக்க வைத்தும் அது போகாது. பல்லில் கறை விழுத்தும் புளோரைட் என்ற உப்பைக் குறைக்க லீற்றருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் சீனக்காரமும் சுண்ணாம்பும் வேண்டும், மேலே சொன்ன அளவில் அது நடக்காது.

வாளியில் மிஞ்சின அடிச்சேற்றை வாழையடியில் ஊற்றுங்கள், கிணற்றடியில் அல்ல.