மனப்பாடம் செய்த விடையும் கண்ணால் ஒப்பிட்ட போல்ட்டும்: ஏஎம்இ தேர்வு எழுதுகிறவர்களுக்கு

போன மாதம் வார விடுமுறைக்குப் பாலக்கோடு வந்திருந்தபோது பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் தன் அப்பாவோடு வீட்டுக்கு வந்தான். ஏஎம்இ, அதாவது விமானப் பராமரிப்புப் பொறியியல் படிப்பை முடித்து ஏழு மாதம் ஆகிறது. எலக்ட்ரிகல் பேப்பர், அதாவது மாட்யூல் 3, இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் போய்விட்டது. எப்படிப் படிக்கிறாய் என்று கேட்டேன். போனை எடுத்து நீட்டினான். சீனியர்கள் அனுப்பிய கொஸ்டின் பேங்க், விடையெல்லாம் மஞ்சள் நிறத்தில். நான்கு சுற்று முடித்துவிட்டதாகச் சொன்னான்.

"விமானத்துல ஏசி சப்ளை எவ்வளவு?"

"115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ் அக்கா." ஒரு நொடி கூட எடுக்கவில்லை.

"ஏன் 400?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "அதுக்கு ஆப்ஷன் சி அக்கா" என்றான்.

அவனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவன் உழைக்கிறான், இரவு பன்னிரண்டு மணி வரை உட்கார்கிறான். உழைப்பு போகிற வழிதான் தப்பாக இருக்கிறது, அதை அவனுக்கு யாரும் சொல்லவும் இல்லை. பேச்சைக் கேட்டுக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்திருந்த அவன் அப்பா, தக்காளி விவசாயி, அப்போது கேட்டார்: "ஏம்மா, எங்க போர் மோட்டார்ல 50ன்னு போட்டிருக்குமே, அந்த மாதிரியா இது?"

அதே தான். அந்த ஒரு கேள்வியிலிருந்து மாட்யூல் 3-இல் பாதியைப் பிடித்துவிடலாம். அடுத்த ஞாயிறு அவர்கள் தோட்டத்துக்கே போனேன். மோட்டார் வாங்கியபோது கொடுத்த தகவல் தகட்டை ஸ்டார்ட்டர் பெட்டி மேலேயே ஒட்டி வைத்திருந்தார்கள், தூசியைத் துடைத்துவிட்டுப் படிக்கச் சொன்னேன். மூன்று பேஸ், 50 ஹெர்ட்ஸ், 2880 ஆர்பிஎம். இப்போது கணக்குப் போடு என்றேன். 120-ஐ அலைவெண்ணால் பெருக்கி போல்களின், அதாவது காந்த முனைகளின், எண்ணிக்கையால் வகுத்தால் சிங்க்ரனஸ் வேகம். இரண்டு போல் மோட்டாருக்கு 3000 வரவேண்டும், தகட்டில் 2880 என்று இருக்கிறது, மீதி 120 எங்கே போனது? அதுதான் ஸ்லிப், நான்கு சதவீதம். கொஸ்டின் பேங்கில் ஸ்லிப்பைப் பற்றி ஏழெட்டுக் கேள்வி பார்த்திருக்கிறான், ஆனால் தன் வீட்டு மோட்டாரில் அது தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சரி, அதே கணக்கில் 50-க்குப் பதில் 400 போடு என்றேன். 24,000 வந்தது. அவனே நிமிர்ந்து பார்த்தான்.

அப்புறம் மிச்சத்தை அவனே பேச ஆரம்பித்தான். அலைவெண் கூடினால் அதே பவருக்கு டிரான்ஸ்பார்மரில் இரும்பு குறைவாகப் போதும், மோட்டாரும் ஜெனரேட்டரும் சின்னதாகும், விமானத்தில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. அப்படியென்றால் ஊர் முழுக்க ஏன் 400 ஹெர்ட்ஸ் கொடுக்கவில்லை? இண்டக்டிவ் ரியாக்டன்ஸ், அதாவது ஏசி கரண்டுக்குக் கம்பி காட்டும் ஒருவகை எதிர்ப்பு, அலைவெண்ணோடு சேர்ந்து ஏறும், மேட்டூரிலிருந்து பாலக்கோடு வரை கம்பி இழுத்தால் வழியிலேயே வோல்டேஜ் இறங்கிவிடும். விமானத்தில் கம்பி நீளம் குறைவு, அதனால் சமாளிக்கலாம். என்ஜின் வேகம் கூடும் குறையும், ஆனால் 400 நிலையாக நிற்க வேண்டும், அதற்குத்தான் ஜெனரேட்டருக்கு முன்னால் கான்ஸ்டன்ட் ஸ்பீடு டிரைவ். பாருங்கள், ஒரு தகட்டிலிருந்து எத்தனை கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. இதற்கு ஆப்ஷன் எழுத்து எதுவும் தேவைப்படவில்லை.

மாட்யூல் 3-ஐ நானும் முதல் முறை விட்டவள்தான். 52 கேள்வி, 65 நிமிடம், கேள்விக்கு 75 நொடி, தேற 75 சதவீதம், அதாவது 39 சரியாக இருக்க வேண்டும். எனக்கு 36 வந்தது. மூன்று கேள்வியில் போனது என்று வீட்டில் சொன்னேன், ஆனால் உண்மை எனக்குத் தெரியும். அந்த 36-இல் பாதி, முன்பே பார்த்த கேள்வி என்பதால் போட்டது. எண்ணை மாற்றிக் கேட்டிருந்தாலோ கேள்விக்குள் ஒரு 'நாட்' நுழைந்திருந்தாலோ அதுவும் போயிருக்கும். நெகட்டிவ் மார்க் கிடையாது, அதனால் தெரியாத கேள்வியைக் காலியாக விடாதீர்கள். ஆனால் ஊகத்தை நம்பி 39-ஐ எட்ட முடியாது.

கொஸ்டின் பேங்கைத் தொடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பாடத்தைப் படித்து, தாளில் படம் வரைந்து, வேறு ஒருவருக்குச் சொல்லிப் பார்த்த பிறகு, எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அளக்க அது உதவும். அதையே பாடப் புத்தகமாக்கினால்தான் ஆபத்து. மாணவர்கள் என்னிடம் கொண்டுவந்த பேங்குகளில் தப்பான விடைகளை நானே திருத்தியிருக்கிறேன், ஒரே கேள்விக்கு இரண்டு பேங்கில் இரண்டு விடை இருந்ததையும் பார்த்திருக்கிறேன். மாட்யூல் 10, அதாவது விமானச் சட்டப் பேப்பர், எழுதுகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டத்தை நீக்கிவிட்டு பாரதிய வாயுயான் அதினியம் 2024 வந்துவிட்டது, 2025 ஜனவரி 1 முதல் அதுதான் நடைமுறை. கையில் இருக்கும் குறிப்பு அதற்கு முந்தையது என்றால் ஓரமாக வைத்துவிட்டு, டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) தளத்தில் இப்போது இருப்பதை எடுத்துப் படியுங்கள்.

தேர்வில் தோற்பதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை, அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். புரியாமலே தேறி, விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹேங்கருக்குள் வருகிறவர்களைப் பற்றித்தான் கவலை. ஏன் என்று சொல்கிறேன்.

1990 ஜூன் 10. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390, பிஏசி ஒன்-லெவன் விமானம், பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குப் புறப்பட்டது. சுமார் 17,300 அடியில் கேப்டன் பக்கத்து முன்கண்ணாடி அப்படியே பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் இடுப்புக்கு மேல் உடம்பு வெளியே இழுக்கப்பட்டுவிட்டது. கேபின் பணியாளர்கள் அவரைப் பிடித்துக்கொண்டே நின்றார்கள், துணை விமானி சவுத்தாம்ப்டனில் தரையிறக்கினார். கேப்டன் பிழைத்தார். கண்ணாடியை மாற்றி 27 மணி நேரம்தான் ஆகியிருந்தது. போட்டிருந்த 90 போல்ட்டுகளில் 84, இருக்க வேண்டியதைவிட விட்டம் குறைந்தவை. வித்தியாசம் 0.026 அங்குலம், ஒரு மில்லிமீட்டர் கூட இல்லை.

அந்த வேலையைச் செய்தவர் அனுபவமுள்ள ஷிப்ட் மேனேஜர். இரவு நேரம், ஆள் பற்றாக்குறை, அதனால் தானே இறங்கிச் செய்தார். பழைய போல்ட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஸ்டோர்ஸுக்குப் போனார். இந்த வேலைக்கு 8டி ரக போல்ட் போடுவார்கள் என்று அங்கிருந்தவர் சொன்னார். பழையது 7டி, நீளம் குறைவு, ஆனால் அத்தனை நாள் தாங்கியிருந்தது, அதனால் அதே மாதிரி போதும் என்று முடிவு செய்தார். அங்கே போதுமான எண்ணிக்கை இல்லை. ஆளில்லாத இன்னொரு இடத்துக்குப் போய், மங்கிய வெளிச்சத்தில், கையிலிருந்த போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டு எடுத்தார். எடுத்தது 8சி, விட்டம் குறைந்த ரகம். பார்ட்ஸ் கேட்டலாக்கைப் புரட்டிப் பார்க்கவில்லை.

மனிதத் தவறுகளைப் பற்றிய மாட்யூல் 9-இல் இது ஒரு கேஸ் ஸ்டடி. தேதியையும் எண்ணையும் மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் கேள்வி பேங்கில் பார்த்த மாதிரி இருக்கிறது என்று விடையைத் தொடுகிற பழக்கமும், பழைய போல்ட் மாதிரி இருக்கிறது என்று பெட்டியில் கையை விட்டு எடுக்கிற பழக்கமும் ஒன்றுதான். இரண்டு மூன்று வருடம் தினமும் அப்படியே படித்த கையும் கண்ணும் ஹேங்கரில் மட்டும் எப்படி மாறும்? எனக்கும் ஒரு இரவு ஷிப்டில் அந்த நேரம் வந்திருக்கிறது. ஒரு கிளாம்ப் போல்ட், கையிலிருப்பது சரி என்றே தோன்றியது, எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பும் அவசரம். ஐபிசியை, அதாவது படங்களோடு உள்ள பார்ட்ஸ் கேட்டலாக்கைத், திறந்து பார்ட் நம்பரைப் பார்த்தேன். கடைசி எண் வேறு. யாரும் பாராட்டவில்லை, திட்டவும் இல்லை, பதினைந்து நிமிடம் தாமதம், அவ்வளவுதான். அந்தப் பதினைந்து நிமிடத்துக்குத்தான் இந்த லைசன்ஸ்.

இனி நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இருக்கும் இன்னொரு சிக்கல், மொழி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு, தேர்வும் மேனுவலும் முழுக்க ஆங்கிலம் என்று வரும்போது மிரண்டு போகிறார்கள். அந்த மிரட்சிதான் பலரை மனப்பாடத்துக்குத் தள்ளுகிறது. நான் செய்தது இதுதான்: தமிழில் புரிந்துகொள், ஆங்கிலத்தில் எழுதிப் பழகு. கிரீப் என்று ஒரு சொல், டர்பைன் பிளேடு பாடத்தில் வரும். சூட்டிலும் இழுவிசையிலும் தொடர்ந்து இருந்தால் உலோகம் மெல்ல மெல்ல நீள்வது, பிறகு பழைய அளவுக்குத் திரும்பாது. பாட்டி வீட்டுக் கயிற்றுக் கட்டில் வருடம் போகப் போகத் தொய்ந்துபோகும் இல்லையா, எழுந்துவிட்டால் மட்டும் கயிறு இறுகிவிடுமா? பிளேடு நீண்டால் வெளி உறையில் உரசும், அதனால்தான் இடைவெளியை அளக்கிறோம். சேஃபிங் என்றால் வண்டியில் ஒயர் பாடியில் உரசி மேலுறை தேய்ந்து செம்பு தெரியுமே, அதுதான். இப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் உங்கள் வீட்டில், தோட்டத்தில், டூவீலரில் ஒரு பொருள் இருக்கும். நோட்டில் ஆங்கிலச் சொல், பக்கத்தில் தமிழில் ஒரு வரி, கீழே சின்னப் படம். எனக்கு மூன்று நோட்டு நிறைந்தது, இன்னும் வைத்திருக்கிறேன்.

ஏரோடைனமிக்ஸ் பேப்பரான மாட்யூல் 8-க்கு நம் ஊரே போதும். கிருஷ்ணகிரியில் பஸ் ஏறி ஓசூரில் இறங்கும்போது காற்று சில்லென்று இருக்கும். ஓசூர் ஏறத்தாழ 3,000 அடி உயரம். ஐஎஸ்ஏ என்ற சர்வதேசத் திட்ட வளிமண்டலக் கணக்கில் கடல் மட்டத்தில் 15 டிகிரி, ஆயிரம் அடிக்கு இரண்டு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும், ஆக ஓசூர் உயரத்துக்கு 9 டிகிரி. நிஜத்தில் அங்கே மே மாதத்தில் முப்பதைத் தாண்டும். காற்றின் அடர்த்தி குறைந்தால் என்ஜினுக்கும் இறக்கைக்கும் என்ன ஆகும் என்று பஸ்ஸிலேயே யோசித்துக்கொண்டு வரலாம். ஓசூர் பக்கம் பேளகொண்டப்பள்ளியில் தனேஜா நிறுவனத்தின் ஓடுதளம் இருப்பது நம் மாவட்டத்திலேயே நிறையப் பேருக்குத் தெரியாது. 2024-இல் ஓசூரில் புதிய விமான நிலையம் அமைப்பதாக அரசு அறிவித்த பிறகு, பிள்ளையை இந்தப் படிப்பில் சேர்க்கலாமா என்று கேட்டு எனக்கு நிறைய போன் வருகிறது.

அந்தப் பெற்றோர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். நகையை வைத்து, நிலத்தை வைத்துப் பணம் கட்டும் முன், அந்த நிறுவனத்துக்கு பயிற்சி நிறுவனங்களுக்கான டிஜிசிஏ-வின் சிஏஆர்-147 அங்கீகாரம் இருக்கிறதா, எந்தப் பிரிவுக்கு இருக்கிறது என்று டிஜிசிஏ தளத்தில் நீங்களே பாருங்கள். பி1.1 என்றால் டர்பைன் விமானங்களின் மெக்கானிகல் பக்கம், பி2 என்றால் ஏவியானிக்ஸ், எது என்று தெரிந்து சேருங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருக்க வேண்டும். ஏரோநாட்டிகல் பிஇ வேறு, ஏஎம்இ லைசன்ஸ் வேறு. முக்கியமாக, கல்லூரி தருவது படிப்புச் சான்றிதழ், லைசன்ஸைத் தருவது டிஜிசிஏ மட்டும். அதற்கு எல்லா மாட்யூலும் தேறவேண்டும், பறக்கிற விமானங்களில் வேலை செய்த அனுபவத்தைக் காட்டவேண்டும். லைசன்ஸ் வந்த பிறகும், பெரிய விமானத்தைப் பறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டு விடுவிக்க அந்த ரகத்துக்கான டைப் ரேட்டிங் தனியாக வேண்டும். "கோர்ஸ் முடிஞ்சதும் வேலை" என்று யாராவது சொன்னால், இத்தனை படியில் எந்தப் படியைச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

படிக்கும் முறை பற்றிக் கேட்கிறவர்களுக்குச் சுருக்கமாக: ஒரு தேர்வுச் சுற்றுக்கு இரண்டு பேப்பர், ஒன்று பெரியது, ஒன்று சின்னது. டர்பைன் என்ஜின் பேப்பரான மாட்யூல் 15-ஐ எடுத்தால் கூட மாட்யூல் 8 போதும், 92 கேள்வியோடு 20 கேள்வி. ஆறு பேப்பர் சேர்த்துக் கட்டிவிட்டு எதையும் முடிக்காமல் போய் உட்காராதீர்கள். அமெரிக்காவின் விமானத் துறை அமைப்பான எஃப்ஏஏ தன் பராமரிப்புக் கையேடுகளை இலவசமாகவே தருகிறது, படங்கள் நன்றாக இருக்கும், சட்டப் பகுதியை மட்டும் அதில் படிக்கக் கூடாது. கைவேலைக்கு ஓசூர் பழைய இரும்புக் கடையில் ஓட்டை போட்ட போல்ட்டுகள் நான்கு, கொஞ்சம் எஸ்எஸ் கம்பி, ஒரு பிளையர் வாங்கி லாக் வயர், அதாவது போல்ட் தளராமல் கட்டும் கம்பி, போட்டுப் பாருங்கள். கம்பி போல்ட்டை இறுக்கும் பக்கம் இழுக்க வேண்டும், தளர்த்தும் பக்கம் போகக் கூடாது. படத்தில் பார்த்து விடை சொல்கிறவன் திணறுவான், பத்து முறை கையால் முறுக்கியவன் திணறமாட்டான்.

அந்தப் பையன் இப்போது ஞாயிறு தோறும் வருகிறான். போன வாரம் தக்காளி மண்டி பில்லின் பின்பக்கத்தில் ஜெனரேட்டர் சர்க்யூட் வரைந்து கொண்டுவந்தான். ஒரு இடத்தில் டையோடைத் திருப்பிப் போட்டிருந்தான். நான் சொல்வதற்கு முன் அவனே கண்டுபிடித்து, "இப்படி இருந்தா கரண்ட் போகாதே அக்கா" என்று அடித்துவிட்டு மறுபடி வரைந்தான்.