தன் வேலையைச் செய்யப் போய் மாட்டிக்கொள்ளும் நொதி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் எலியின் தொல்லை செம்பனைப் பழத்தைத் தின்பதோடு முடிவதில்லை. அதன் சிறுநீரில் லெப்டோஸ்பைரா கிருமி இருக்கலாம். அது வாய்க்கால் நீரிலும் சேற்றிலும் கலந்து, கால் கீறல் வழியே உடலுக்குள் புகும். எலியைப் பிடிக்கும் கூகை வந்து கூடு கட்டத் தோட்டங்களில் பெட்டி வைக்கிறார்கள். கூகைக்குத் தப்பிய எலியால் காய்ச்சல் முற்றி மருத்துவமனையில் படுப்பவருக்கு நரம்பு வழியே ஏற்றும் மருந்துகளில் ஒன்று பென்சிலின்.

பெரும்பாலான பாக்டீரியாக்களைப் போல இந்தக் கிருமிக்கும் செல்சுவர் உண்டு. சர்க்கரைச் சரங்களிலிருந்து அமினோ அமிலங்களாலான குட்டை வால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்துச் சரத்து வாலோடு முடிச்சு விழுந்தால்தான் சுவர் உறுதிப்படும். முடிச்சுப் போடுவது டிரான்ஸ்பெப்டிடேஸ் என்ற நொதி. புதிய வாலின் நுனியில் டி-அலனின் என்ற அமினோ அமிலம் இரண்டு இருக்கும். நொதியிலுள்ள செரின் என்ற அமினோ அமிலம், அவற்றுக்கு இடையிலான பிணைப்பைத் தாக்கும். கடைசி அலனின் கழன்றுவிடும். வால் சற்று நேரம் செரினோடு ஒட்டியிருந்துவிட்டு, பக்கத்து வாலுக்குக் கைமாறும். செரின் அடுத்த முடிச்சுக்குத் தயாராகிவிடும்.

பென்சிலினுக்கு அந்த இரட்டை அலனினின் சாயல் இருக்கிறது. போலிச் சாவி பூட்டில் சிக்குவதாக இதை விளக்குவது வழக்கம். எனக்கு அது பாதி விளக்கமாகவே படுகிறது. பூட்டு எதையும் உடைப்பதில்லை, நொதியோ உடைக்கிறது. பென்சிலினின் நடுவே மூன்று கார்பன், ஒரு நைட்ரஜன் கொண்ட வளையம் இருக்கிறது. அதன் கோணங்கள் ஏறத்தாழ 90 பாகைக்கு நெருக்கப்பட்டிருப்பதால் அது எளிதில் உடையும். செரின் தாக்கியதும் வளையம் திறந்து, மருந்து வேதிப்பிணைப்பால் செரினோடு ஒட்டிக்கொள்கிறது. அலனினைப் போலக் கழன்று விலக இங்கே தனித் துண்டு இல்லை. வளையத்தின் மறுமுனை மருந்தோடேயே இருந்து இடத்தை அடைத்துக்கொள்கிறது. பக்கத்து வால் நெருங்க முடியாது. பிணைப்பை அறுத்துச் செரினை விடுவிக்கக்கூடிய தண்ணீர் மூலக்கூறுக்கும் எளிதில் வழியில்லை.

முடிச்சு நின்றாலும், சுவரை வெட்டித் தளர்த்தும் நொதிகள் நிற்பதில்லை. வளரும் செல் உள்ளழுத்தம் தாங்காமல் வெடிக்கிறது. நம் செல்களுக்குச் சுவர் இல்லாததால் அவை தப்புகின்றன. சளிக்காய்ச்சல் வைரசுக்கும் சுவர் இல்லை. அதற்கும் இந்த மருந்தைக் கேட்டு அடம்பிடிப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்!

பென்சிலினைச் சிதைக்கும் நொதி சில பாக்டீரியாக்களிடம் இருப்பதை ஆபிரகாம், செயின் என்ற ஆய்வாளர்கள் 1940இலேயே அறிவித்தார்கள். அந்த வகை நொதிகளில் பலவும் செரினால்தான் தாக்குகின்றன. ஆனால் தண்ணீரைச் சரியான இடத்தில் நிறுத்தி, உடைந்த மருந்தைக் கழற்றி எறிந்துவிடுகின்றன. பென்சிலின் வகை மருந்தான அமோக்சிசிலினோடு கிளவுலானிக் அமிலம் சேர்த்து மாத்திரை வருவது இதற்காகத்தான். கிருமியைக் கொல்லும் வலு அந்த அமிலத்துக்கு அதிகமில்லை. சிதைக்கும் நொதியின் செரினில் தானே போய் ஒட்டிக்கொண்டு, அமோக்சிசிலினைக் காப்பாற்றுகிறது.