ஸ்டீரியோடைப்: அச்சுவார்ப்பு

கும்பகோணத்தில் எங்கள் தெருமுனையில் ஓர் அச்சகம் இருந்தது. கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய காலம். கம்பாசிட்டர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்குவார்; ஒரு பக்கம் முடிவதற்குள் கண் பூத்துவிடும். படங்களுக்கு மட்டும் அந்தப் பாடு கிடையாது. இழுப்பறையில் ‘பிளாக்’குகள் கிடக்கும்: பிள்ளையார், குத்துவிளக்கு, மாலை மாற்றும் மாப்பிள்ளையும் பெண்ணும். யார் வீட்டுக் கல்யாணமானாலும் பத்திரிகையில் அதே மாப்பிள்ளை, அதே பெண்தான். எங்கள் அக்கா கல்யாணப் பத்திரிகையிலும் அந்த ஜோடிதான் நின்றது. அக்காவுக்கும் அந்தப் பெண்ணுக்கும் மூக்குத்தியைத் தவிர ஒற்றுமை எதுவும் இல்லை.

ஒரு கூட்டத்தார் எல்லோரையும் ஒரே மாதிரியாகக் காட்டும் உருவத்தை ஆங்கிலத்தில் ஸ்டீரியோடைப் என்கிறார்கள். அந்தச் சொல் பிறந்ததும் அச்சுப் பட்டறையில்தான். கிரேக்கத்தில் ‘ஸ்டீரியோஸ்’ என்றால் திண்மையானது, ‘டைப்போஸ்’ என்றால் பதிவு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு அச்சாளர் ஃபிர்மேன் டிடோ தம்முடைய அச்சு முறைக்கு இந்தப் பெயரை வைத்தார். எழுத்து அடுக்கிய பக்கத்தின் மேல் சாந்தையோ ஈரக் காகிதக் கூழையோ அழுத்தி அச்செடுப்பார்கள். அது காய்ந்ததும் ஈயக் கலவையை உருக்கி ஊற்றினால் முழுப் பக்கமும் ஒரே தகடாகிவிடும். அப்புறம் எழுத்துகளைப் பிரித்து வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். அடுத்த பதிப்புக்கு மறுபடி அடுக்க வேண்டாம், தகடு போதும். பிழை கண்ணில் பட்டால் மட்டும் கஷ்டம், தகட்டையே வெட்டி ஒட்ட வேண்டும்.

சொல்லிச் சொல்லித் தேய்ந்த தொடரைக் குறிக்கும் ‘கிளிஷே’யும் இதே தகட்டுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர்தான். அதற்குத் தமிழில் ‘தேய்வழக்கு’ என்ற அருமையான சொல் கிடைத்துவிட்டது. கூடப் பிறந்த ஸ்டீரியோடைப்புக்குத்தான் இன்னும் ஒழுங்கான பெயர் அமையவில்லை.

தகட்டின் பெயரை மனித மனத்துக்கு மாற்றியவர் அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன். ஆண்டு 1922. நாம் பார்த்துவிட்டு வரையறுப்பதில்லை, வரையறுத்து வைத்துக்கொண்டுதான் பார்க்கிறோம் என்பது அவர் வாதம். ஒவ்வொரு ஆளையும் புதிதாகப் பார்ப்பது பெரிய உழைப்பு. அதை மிச்சப்படுத்த மனம் தகடு செய்து வைத்துக்கொள்கிறது. அதே 1922இல்தான் சென்னை மாகாண அரசு, பழைய சாதிப் பெயருக்குப் பதிலாக ‘ஆதிதிராவிடர்’ என்று எழுதும்படி ஆணையிட்டது. இரண்டுக்கும் தொடர்பு இல்லை. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘முன்முடிவு’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது ஒருவர் மனத்துக்குள் இருக்கும் சாய்வு. ‘முத்திரை குத்துதல்’ என்பது செயலைச் சொல்கிறது, குத்திய பின் நிற்கும் உருவத்தைச் சொல்லவில்லை. ‘வார்ப்புரு’ நல்ல சொல்தான், ஆனால் கணினிக்காரர்கள் வேறு பொருளில் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ‘தப்பெண்ணம்’ பக்கத்தில் வருகிறது. எனக்கு அதுவும் போதவில்லை. ஸ்டீரியோடைப் கெட்ட எண்ணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லையே. சினிமாவில் வெள்ளந்தியான கிராமத்துக்காரரைக் காட்டுபவர் அவரைத் திட்டவில்லை. திருநங்கை என்றாலே கைதட்டிக் காசு கேட்பவர் என்று காட்டியது ஒரு தகடு. கை உயர்த்தி வாழ்த்தும் தெய்வப்பிறவியாக மட்டும் காட்டுவது இன்னொன்று. இரண்டிலும் அவர் வாடகைக்கு வீடு தேடுவதில்லை, அலுவலகத்துக்குத் தாமதமாகப் போவதில்லை, அம்மாவோடு சண்டை போடுவதில்லை. ‘திருநங்கை’ என்ற சொல்லை அரசே எடுத்துக்கொண்டது. பழைய வசைச்சொற்கள் ஏடுகளிலிருந்து பெரும்பாலும் ஒழிந்தன. சொல் மாறிவிட்டது. படம் மாற இன்னும் நாளாகும் போலிருக்கிறது.

என் பரிந்துரை ‘அச்சுவார்ப்பு’. காரணம் எங்கள் ஊர்ப்பக்கமே கிடக்கிறது. பாபநாசம் பக்கம் வீரமாங்குடியில் பொங்கல் நெருங்கும்போது போய்ப் பாருங்கள். கொதிக்கும் பாகை மரப்பலகைக் குழிகளில் ஊற்றி ஆறவைத்துத் தட்டினால் அச்சுவெல்லம். எந்த வயல் கரும்பானாலும் குழியின் வடிவம்தான். தமிழ் அச்சில் பேர்பெற்ற ஊரும் இந்தப் பக்கம்தான்: தரங்கம்பாடியில் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க் 1713 வாக்கில் தமிழில் அச்சடித்தார். ஜெர்மனியிலிருந்து வந்த எழுத்துகள் பெரிதாக இருந்ததால் இங்கேயே சிறிதாக வார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பாலாடைக்கட்டி டப்பாவின் ஈயத்தை உருக்கியதாக ஒரு செய்தி உண்டு. ‘அச்சு அசல் அவங்க அப்பாதான்’ என்று குழந்தையைக் கொஞ்சுகிறோமே, அந்த அச்சு இதுதான்.

இதற்கு நேர் எதிரான வார்ப்பு சுவாமிமலையில் நடக்கிறது. தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைப்பார்கள். சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும், அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறிய பிறகு மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஒரு சிலைக்கு ஓர் அச்சு, அதோடு அதன் கதை முடிந்தது. ஸ்தபதிகளுக்கும் தாளக் கணக்கு உண்டு, முகத்துக்கு இத்தனை, கைக்கு இத்தனை என்று. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் புதிதாக மெழுகைத் தொட்டாக வேண்டும்.

ஊடகத்துக்கு அந்த நேரம் இல்லை. அச்சகத்து இழுப்பறை இன்று ‘கோப்புப் படம்’ என்ற பெயரில் செய்தி அறைக்குள் இருக்கிறது. ஜூன் 12இல் மேட்டூர் திறக்குமா என்ற பேச்சு எழுந்தால் போதும், ‘டெல்டா விவசாயி’ வந்துவிடுவார்: தலைப்பாகை, வெடித்த நிலம், வானத்தைப் பார்க்கும் முதியவர். நிலம் வைத்திருப்பவர், குத்தகைக்காரர், கூலியாள் மூவருக்கும் அந்த ஒரே முகம். முழங்கால் சேற்றில் குனிந்து நாற்று நடும் பெண் அதில் இல்லை. அவர் செய்தியில் ‘நடவுப் பணியில் ஈடுபட்ட பெண்கள்’. விவசாயி என்ற பட்டம் அவருக்குக் கிடையாது. ஒருமுறை எங்கள் பக்கம் வந்த கேமராக்காரர் ஒருவர், கொஞ்சம் சோகமாக நிற்கும்படி ஒரு நடவாளிடம் கேட்டார். அந்த அம்மா நிமிரக்கூட இல்லை. “போன தடவ எடுத்தது இருக்கும்ல தம்பி, அதையே போட்டுக்குங்க. எனக்கு நாத்து வாடுது.”

அச்சுவார்ப்பு படத்தில் மட்டும் இல்லை, வாக்கியத்திலும் உண்டு. ‘ஊர் மக்களுக்கும் காலனி மக்களுக்கும் மோதல்’ என்று செய்தி வரும். காலனி ஊரில் சேர்த்தி இல்லை என்பதை அந்த வாக்கியம் சண்டை போடாமலே சொல்லிவிடுகிறது. அடித்தவரும் அடிபட்டவரும் ‘இரு தரப்பு’ ஆகிவிடுகிறார்கள். இழிசொல்லாகிவிட்ட ‘காலனி’ அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். செய்தி எழுதுபவரின் கை அதை எப்போது விடும் என்பது வேறு கணக்கு.

மேலே இருப்பவர்களுக்கும் அச்சு உண்டு. அது அவர்களைக் காப்பாற்றும். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். கூலி உயர்வு கேட்ட தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். மேல்முறையீட்டில் நிலக்கிழார்களை விடுவித்த சென்னை உயர்நீதிமன்றம், நிறைய நிலமும் காரும் வைத்திருக்கும் பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்றது. ‘பணக்காரர் இப்படிச் செய்யமாட்டார்’ என்பதும் ஒரு வார்த்துவைத்த தகடுதான். 44 பேரை ‘கூலித் தகராறு’ என்று இரண்டு சொல்லில் முடிப்பவர்கள் இன்றும் உண்டு.

தகட்டைப் பிடுங்கித் தாங்களே அச்சடித்தவர்களும் உண்டு. தலித் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய இதழுக்கு வைத்த பெயர் ‘பறையன்’. அடுத்தவர் வசையாகச் சொன்ன சொல் அவருடைய முகப்பில் தலைப்பெழுத்தாக நின்றது.

இனி எழுதும் விதம். அச்சு, வார்ப்பு இரண்டையும் சேர்த்தே எழுதலாம், நடுவில் ஒற்று மிகாது: அச்சுவார்ப்பு. பாத்திரத்தைப் பற்றி என்றால் ‘அச்சுவார்ப்புப் பாத்திரம்’. இங்கே ப் வேண்டும். வினைக்கு ‘அச்சில் வார்த்தல்’ போதும். ‘அந்தத் தொடர் நரிக்குறவர்களைப் பாசிமணியும் ஊசியுமாக அச்சில் வார்த்திருக்கிறது’ என்று எழுதினால் யாருக்கும் புரியும். பேச்சில் இன்னும் சுலபம்: “எங்கள அச்சுல ஊத்தாதீங்க.”