வெல்டிங் ராடை எடுக்கும் முன் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள்

போன சித்திரையில் செங்கோட்டையில் ஒரு வீட்டுத் திண்ணையின் இரும்புத் தடுப்பை, அதாவது கிராதியைப் பார்க்கப் போனேன். "இலை இலையா இருக்கும் தம்பி, ஒரு துண்டு ஒடிஞ்சி ஆடுது" என்று வீட்டு ஆச்சி ஃபோனில் சொல்லியிருந்தார். நேரில் பார்த்தபோதும் இலையாகத்தான் தெரிந்தது. ஒரு துணியை நனைத்துத் துடைத்துவிட்டு, ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குப் பிளேடால் மெல்லச் சுரண்டினேன். மேலே சில்வர். அதற்கடியில் பச்சை, இன்னொரு பச்சை, கறுப்பு, அடியோடு அடியாக ஆரஞ்சு கலந்த சிவப்பு. இன்னும் கொஞ்சம் நகர்ந்து சுரண்டியதும் ஒரு கண் தெரிந்தது, பிறகு வளைந்த மூக்கு. கிளி! "நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாள்லேர்ந்து இலைன்னுல்லா நெனச்சிருந்தேன்" என்று ஆச்சி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

பழைய இரும்பு வேலைகளைப் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். இங்கே துருவால் போனதைவிடப் பராமரிப்பால் போனதுதான் அதிகம் என்பேன். பொங்கலுக்குப் பொங்கல் பழைய பெயிண்ட் மேலேயே புது பெயிண்ட். ஒடிந்தால் உடனே வெல்டிங். அதுவும் நிற்கவில்லையா, பழைய இரும்புக் கடையில் எடை போட்டுவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்!

ஆச்சி வீட்டிலும் எனக்கு முன்பே ஒரு பட்டறைக்காரர் வெல்டிங் வைத்துப் பார்த்திருக்கிறார். மறுநாள் காலையில் 'டிக்'கென்று சத்தம், ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே புது விரிசல். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் நானே பெயிண்டை எரித்து எடுக்கிறேன் என்று கேஸ் டார்ச்சைக் காட்டி, உருக்கி அச்சில் ஊற்றி வார்த்த ஓர் இரும்புப் பலகையை இரண்டாகப் பிளந்திருக்கிறேன். அந்தத் துண்டு இன்னும் என் மேஜையில் காகிதத்துக்குப் பாரமாக இருக்கிறது.

விஷயம் இதுதான். ஆச்சி வீட்டுக் கிராதியும் அதே வார்ப்பிரும்புதான். அதில் கரி 2 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். அழுத்தினால் தாங்கும், வளைத்தால் ஒடியும். ஓரிடத்தில் மட்டும் சூடேற்றிச் சட்டென்று ஆறவிட்டால் அந்த இடம் கண்ணாடி மாதிரி இறுகி, பக்கத்தை இழுத்துப் பிளக்கும். கொல்லர் உலையில் காய்ச்சி அடித்த தேனிரும்பு வேறு ஜாதி. கரி மிகக் குறைவு, நார் நாராக இருக்கும், சுருட்டினால் சுருளும்.

இரண்டையும் பிரித்தறிய ஆய்வுக்கூடம் வேண்டாம். சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். தேனிரும்பு மணி மாதிரி பேசும், வார்ப்பு 'தொத்'தென்று அடங்கும். பத்துப் பூவும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்து, ஓரத்தில் மெல்லிய அச்சுக்கோடு ஓடினால் வார்ப்பு. சுருளுக்குச் சுருள் கொஞ்சம் மாறி, சேரும் இடங்களில் பட்டையோ ரிவெட்டோ இருந்தால் அது கொல்லர் கைவேலை. வார்ப்பு என்றால் அடிப்பாகத்தைத் துடைத்து எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வால்டர் மக்பார்லேன் கம்பெனி வார்த்தவை இந்தியா முழுக்க வந்தன. மைசூர் அரண்மனைக் கல்யாண மண்டபத் தூண்கள் அவர்களுடையவைதான்.

1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. ஜன்னல் கம்பியை மலையாளப் பக்கம் அழி என்பார்கள், நம் பக்கம் கம்பி என்போம். பேர் எதுவானால் என்ன, மழைக்கு எல்லை தெரியாது. கணவாய் வழியே ஆனி ஆடியில் வருகிற சாரல் அடித்துப் பெய்து ஓயாது, நாள் முழுக்க நனைத்துக்கொண்டே இருக்கும். ஐப்பசியில் அடுத்த மழை. இரும்புக்கு ஈரம் காயவே நேரம் கிடைப்பதில்லை.

அதனால் நான் முதலில் பார்ப்பது பூவையோ கிளியையோ அல்ல, கிராதியின் காலை. கிராதி கல்லில் இறங்கும் குழியை அந்தக் காலத்தில் ஈயத்தை உருக்கி ஊற்றி அடைத்தார்கள். ஈயம் எடுபட்ட இடத்தில் பிற்பாடு சிமென்ட் வைத்து அப்பியிருப்பார்கள். அது சுருங்கி விரிசல் விட்டதும் தண்ணீர் உள்ளே போய்த் தேங்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கருங்கல்லே பிளந்துகொள்ளும். கல்லை மாற்றும் செலவோடு பார்த்தால், தண்ணீர் வழிந்தோட ஒரு சின்னச் சரிவு வைப்பது ஒன்றுமேயில்லை.

புனலூர்த் தொங்குபாலம் இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர். கல்லடையாற்றின் மேல் 1877இல் கட்டியது. போகிறவர்கள் எல்லாரும் அதன் இரும்புச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துப் படமெடுக்கிறார்கள். அதே ஆட்கள் வீட்டுக் கிராதியைக் கிலோ கணக்கில் போடும்போதுதான் எனக்கு வயிறெரிகிறது.

ஆச்சி வீட்டு வேலைக்கு வருகிறேன். அடியில் இருந்த சிவப்பு அநேகமாக ஈயம் கலந்த பூச்சு, தூள் உள்ளே போனால் நஞ்சு. அதைக் காய்ந்த நிலையில் எமரி பேப்பரால் தேய்க்கக் கூடாது, கிரைண்டர் வேண்டவே வேண்டாம். நனைத்து, முகக்கவசம் போட்டு, கீழே பாலித்தீன் விரித்துச் சுரண்டினோம். பேரப்பிள்ளைகளை நாலு நாளைக்குச் சித்தி வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். ஒடிந்த துண்டுக்குச் சூடே காட்டவில்லை. பின்னால் தகடு வைத்துச் சின்ன போல்ட்டுகளால் பிடித்தோம். முன்னாலிருந்து தெரியாது. சுத்தமான இரும்பை ராத்திரி தாண்ட விடாமல் அன்றன்றைக்கே துருவைத் தடுக்கும் ஜிங்க் பாஸ்பேட் பிரைமர், பிறகு மெல்லிசாக இரண்டு கை எனாமல். மாசி முதல் சித்திரை வரைதான் இதற்கு நேரம். சாரல் தொடங்கிவிட்டால் அடுத்த வருஷம்தான்.

ஒரு பலகை முழுசாகவே காணோம். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு வார்ப்படப் பட்டறையில் வார்க்கச் சொன்னோம். இருக்கிற பலகையையே அச்சாகக் கொடுத்தால் புதுசு குட்டையாகிவிடும், ஏனென்றால் வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய ஒரு சதவீதம் சுருங்கும். நாலு அடிக்கு அரை அங்குலம். ஆசாரி அந்தக் கணக்கைக் கூட்டி மரத்தில் மாதிரி செதுக்கினார், கிளியோடு. எனக்கென்னவோ அவர் கிளி பழைய கிளியைவிட அழகு.

எல்லாம் முடிந்து கறுப்பு அடிக்கும்போது, கிளி மூக்குக்கு மட்டும் சிவப்பு வேண்டும் என்றார் ஆச்சி. பழைய பூச்சில் அப்படி எதுவும் இல்லை, புத்தகப்படி செய்யவும் கூடாது. தம்பியைக் கடைக்கு அனுப்பி ஐம்பது மில்லி சிவப்பு வாங்கிவரச் சொன்னேன்.