முதலில் போல்ட்டில் உள்ள எண்ணைப் பாருங்கள்

"சுட்டா வடிவாத்தான் போகுது அண்ணை. கேஸ் மட்டும் ரெண்டாப் பிய்யுது."

போன மாதம் ஒரு தம்பி இப்படிச் சொல்லிக்கொண்டுதான் என் பட்டறைக்குள் வந்தார். கையில் லீ என்ஃபீல்டு நம்பர் 4 துப்பாக்கி. கேஸ் என்று அவர் சொன்னது தோட்டாவின் பித்தளை உறையை. நம் ஊர்ப் போலீஸ் 'த்ரீ நாட் த்ரீ' என்று சொல்லும் அதே குடும்பம். இங்கிலாந்தில் பிஸ்லி சுடுதளத்துக்குப் பக்கத்தில் இந்தப் பழைய ராணுவத் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பது என் தொழில்.

அவர் கொண்டுவந்த சுட்ட உறைகளில் அறுபடாத ஒன்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அடி விளிம்புக்குச் சற்று மேலே, நூல் கட்டினாற்போல ஒரு பளபளப்பான வளையம். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் வளைத்து, உள்ளே விட்டு உரசி இழுத்தேன். 'டக்'கென்று ஒரு பள்ளத்தில் மாட்டியது. பித்தளை அங்கே இழுபட்டு மெலிந்துவிட்டது. மறுபடி மருந்து நிரப்பிச் சுட்டால் அதுவும் அந்த இடத்தில்தான் அறும். முன்பாதி சேம்பருக்குள், அதாவது தோட்டா அமரும் அறைக்குள், சிக்கிக்கொள்ளும், சூடான வாயு பின்னால் கசியும். கண்ணாடி அணியாமல் சுடாதீர்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

காரணம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. போல்ட் என்பது தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் உருளை. அதன் கைப்பிடியின் பின்பக்கம் ஓர் எண், துப்பாக்கியின் உடம்பில் வேறோர் எண். கிடங்குகளில் போல்ட்டைக் கழற்றித் தனியே வைப்பார்கள். பிறகு விற்கும்போது கைக்குக் கிடைத்ததை மாட்டி அனுப்பிவிடுவதும் உண்டு. போல்ட்டின் முகத்துக்கும் உறையின் விளிம்பு உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி 0.064 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 0.074-ஐத் தாண்டவும் கூடாது. நமக்குக் கிடைக்கும் சலுகை கால் மில்லிமீட்டர்தான். கண்ணால் அளக்க முடியாது, அளவுக்கட்டை வேண்டும்.

சரியாகப் பொருந்திய துப்பாக்கியிலும் .303 உறை கொஞ்சம் நீளத்தான் செய்யும். போர்க்களச் சேற்றிலும் தோட்டா நுழைய வேண்டும் என்று சேம்பரைத் தளர்வாகக் கடைந்தார்கள். போல்ட்டைப் பூட்டும் காதுகளும், அதாவது துருத்திய முட்டுகளும், அதன் பின்புறம் இருப்பதால் சுடும்போது அமைப்பு லேசாக நெளியும். அதனால் உறையை மறுபடி நிரப்புகிறவர்கள் முழு உறையையும் சுருக்கி மறுபடி இழுபட விடாமல், குண்டு உட்காரும் கழுத்தை மட்டும் இறுக்கினால் போதும்.

நம்பர் 4-க்கு, போல்ட்டின் முன்நுனியில் மாட்டும் தலைகள் 0 முதல் 3 வரை எண்ணிட்டு உண்டு. இடைவெளி கூடினால் பெரிய எண்ணை மாட்டிச் சரிசெய்வோம். தம்பியுடையதில் ஏற்கெனவே 3 இருந்தது. அப்படியும் இடைவெளி அதிகம்.

"அப்ப சுடவே ஏலாதோ?"

"இந்தப் போல்ட்டோட ஏலாது."

வேறு போல்ட் தேடி, இரண்டு காதுகளும் சமமாக அழுந்துகின்றனவா என்று தடம் பதியும் நீலச் சாயம் தடவிப் பார்த்துப் பொருத்த வேண்டும். மலிவாகக் கிடைக்கும் துப்பாக்கியில் 'டி.பி.' என்று முத்திரை இருந்தால், அது அணிவகுப்புப் பயிற்சிக்கென ஒதுக்கப்பட்டது. சுடும் ஆசையை விட்டுவிடுங்கள்.

உரிமம் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: இங்கே 1871-இல் வந்த மார்ட்டினி ஹென்றி துப்பாக்கியை அதன் பழைய .577/450 அளவிலேயே அலங்காரப் பொருளாகச் சுவரில் மாட்டிவைக்கச் சான்றிதழ் வேண்டாம். சுட நினைத்தால் வேண்டும். .303-க்கு எப்போதும் வேண்டும். இந்தியாவில் .303 தடைசெய்யப்பட்ட அளவு. தாத்தாவின் பெட்டியில் கிடைத்தாலும் போலீசிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், பழைய ராணுவத் தோட்டா. பலவற்றின் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் அடிப்பகுதி) குழலுக்குள் உப்பைப் படியவிடும். அது காற்றின் ஈரத்தை இழுத்து இரண்டொரு நாளில் துருவாக்கும். எண்ணெயில் உப்பு கரையாது. அந்தக் கால ராணுவத்தில் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றினார்கள். நானும் அதையேதான் செய்கிறேன்: சுட்ட அன்றே ஒரு கெண்டி கொதிநீர், காயும்வரை துணி, கடைசியில்தான் எண்ணெய்.