கர்னலைத் தொடாமல் ஒரு ஃபைல் சிஸ்டம்

லினக்ஸில் புதிதாக ஒரு ஃபைல் சிஸ்டம், அதாவது ஃபைல்களையும் ஃபோல்டர்களையும் காட்டி நிர்வகிக்கும் அமைப்பு, எழுத வேண்டும் என்றால் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் இறங்கியே ஆக வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். தேவையில்லை. மிக்லோஸ் செரெடி உருவாக்கிய ஃப்யூஸ், 2005-ல் 2.6.14 பதிப்போடு கர்னலில் சேர்ந்தது. அன்றிலிருந்து சாதாரண புரோகிராம் ஒன்றே ஃபைல் சிஸ்டமாக வேலை செய்யலாம். தூரத்து சர்வரை நம் கணினியில் ஒரு ஃபோல்டர் போலக் காட்டும் எஸ்எஸ்எச்எஃப்எஸ் இப்படி எழுதப்பட்டதுதான்.

நடப்பது இதுதான். மவுன்ட் செய்த, அதாவது நம் ஃபைல் சிஸ்டத்தை இணைத்த, ஃபோல்டரில் ஏதோ ஒரு செயலி ஒரு ஃபைலைப் படிக்கக் கேட்கிறது, அந்தக் கோரிக்கை கர்னலுக்குப் போகிறது, அங்குள்ள ஃப்யூஸ் மாட்யூல் அதை வரிசையில் வைக்கிறது, நம் புரோகிராம் ஃப்யூஸ் டிவைஸ் ஃபைல் வழியாக அதை எடுத்துப் பார்த்து பதிலை அதே வழியில் திருப்பி எழுதுகிறது. அதுவரை கேட்ட செயலி காத்திருக்கும். இந்தப் போக்குவரத்தை லிப்ஃப்யூஸ் என்ற லைப்ரரி பார்த்துக்கொள்கிறது. நாம் எழுத வேண்டியது சில ஃபங்ஷன்கள் மட்டுமே.

படிக்க மட்டும் முடிகிற ஒரு சின்ன ஃபைல் சிஸ்டத்துக்கு கெட்அட்டர் (ஃபைலின் அளவு போன்ற விவரங்களைச் சொல்வது), ரீட்டிர் (ஃபோல்டரில் உள்ளவற்றைப் பட்டியலிடுவது), ஓப்பன் (திறப்பது), ரீட் (படிப்பது) என்ற நான்கே போதும். இதில் கெட்அட்டரில்தான் கவனம் வேண்டும். ஃபைலின் அளவை அதில் பூஜ்யம் என்று சொல்லிவிட்டால், ரீட் ஃபங்ஷனை எவ்வளவு சரியாக எழுதியிருந்தாலும், டைரக்ட் ஐஓ (படிக்கும் கோரிக்கைகளை கர்னல் நேராக நம் புரோகிராமுக்கே அனுப்பும் அமைப்பு) வைக்காதவரை, ஃபைல் காலியாகத்தான் தெரியும், ஏனென்றால் கர்னல் அந்த அளவை நம்பி அத்தோடு நிறுத்திக்கொள்ளும். அப்புறம், இல்லாத ஃபைலைக் கேட்டால் ஈநோயென்ட் என்ற பிழை எண்ணை மைனஸ் குறியோடு திருப்ப வேண்டும்.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் கர்னலுக்கும் புரோகிராமுக்கும் இடையே போய் வர வேண்டியிருப்பதால் வேகம் குறையும், சின்னச் சின்ன ஃபைல்கள் நிறைய இருந்தால் நன்றாகவே தெரியும். ஒருமுறை படித்ததை கர்னல் நினைவில் வைத்து (கேஷ் செய்து) ஓரளவு சமாளிக்கிறது. 2024-ல் வந்த 6.9 கர்னலில், டேட்டாவைப் படிப்பதையும் எழுதுவதையும் அடியிலுள்ள ஃபைலுக்கே நேராக அனுப்பும் வசதியும் சேர்ந்தது.

எனக்கு அந்த வேக இழப்பு பெரிதாகப் படவில்லை. கர்னலுக்குள் ஒரு தப்பான பாயின்டர் (நினைவக முகவரி) மொத்த கணினியையும் படுக்க வைத்துவிடும். இங்கே நம் புரோகிராம் மட்டும் சாகும். ஃப்யூசர்மவுன்ட் கட்டளையால் அன்மவுன்ட் செய்துவிட்டு, பிழையைத் திருத்தி மறுபடி ஓட்டலாம். ஓட்டும்போது மைனஸ் டி என்ற ஆப்ஷனைக் கொடுத்துப் பாருங்கள், ஃபோல்டரில் உள்ளதைப் பட்டியலிடும் ஒரே ஒரு எல்எஸ் கட்டளைக்கு எத்தனை லுக்அப், ஓப்பன்டிர், ரீட்டிர் கோரிக்கைகள் வருகின்றன என்று திரையிலேயே வரிசையாக ஓடும்.