வாடகை சர்வரும் வக்கீல் கடிதமும்

சென்னையில் தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு பக்கத்து வழக்கறிஞர் அலுவலகங்களுக்கும் மண்ணடியில் உள்ள கஸ்டம்ஸ் கிளியரிங் ஏஜென்டுகளுக்கும் மெயில் சர்வர் (மின்னஞ்சலை வாங்கி, அனுப்பி, சேமித்து வைக்கும் கணினி) அமைத்துப் பராமரிப்பது என் தொழில். "சர்வர் நம்மளதுதானே தம்பி, கவர்மென்ட் எப்படிப் படிக்கும்?" என்று சீனியர்கள் கேட்பதுண்டு.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, எந்தக் கணினியில் உள்ள தகவலையும் இடைமறிக்கவும் கண்காணிக்கவும் குறியாக்கத்தை அவிழ்க்கவும் உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய, மாநில அரசுகளுக்குத் தருகிறது. 2018 டிசம்பர் 20 அறிவிக்கை இதற்கென 10 அமைப்புகளைப் பெயர் குறிப்பிட்டது. உதவ மறுப்பவருக்கு 7 ஆண்டு வரை சிறை. முறையான உத்தரவு வந்தால் பணிய வேண்டும், அல்லது நீதிமன்றத்தில் எதிர்க்க வேண்டும். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் தீர்ப்பளித்த பிறகு, எதிர்க்க ஒரு பிடி இருக்கிறது. ஆனால் உத்தரவு உங்களிடம் வராமல், சர்வருக்கு இடம் கொடுத்தவரிடம் போய்விட்டால் எதிர்க்க ஆளே இல்லை. படிக்க விரும்புவோர் உங்கள் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலையை உண்டாக்குவதே நான் செய்யும் வேலை.

மாத வாடகைக்கு எடுக்கும் சர்வரில் டிஸ்க் முழுவதையும் என்க்ரிப்ட் (குறியாக்கம்) செய்தாலும், இயந்திரம் ஓடும்வரை அதன் சாவி நினைவகத்தில் இருக்கிறது. அதையும் சேர்த்து நகலெடுக்க இடம் கொடுத்தவரால் முடியும். ஆகவே அஞ்சல்பெட்டிகள் உள்ள இயந்திரத்தை அலுவலகத்திலேயே வைக்கச் சொல்கிறேன். சாதாரண பிராட்பேண்ட் இணைப்பிலிருந்து நேராக அனுப்பும் மெயிலைப் பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை என்பதால், வாங்கிக் கைமாற்றுவதற்கு மட்டும் வெளியே ஒரு சிறிய சர்வர் தேவைப்படும். கடந்துபோகும் கடிதம் அங்கே தெரியும்தான்; பத்து வருடக் குவியல் அங்கே இருக்காது. இந்த ஏற்பாட்டின் தொல்லை மின்வெட்டு. யுபிஎஸ் ஓய்ந்து இயந்திரம் மறுபடி எழும்போது, டிஸ்க்கின் கடவுச்சொல்லை ஒருவர் கீபோர்டில் அடித்தாக வேண்டும். அந்தச் சலிப்பில் ஓர் அலுவலகத்து கிளார்க், கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதி சிபியு மேலேயே செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தார்.

வெளியிலிருந்தே படிக்க முடியும் என்பதற்கு, 2023 அக்டோபரில் வெளிவந்த ஜாபர் டாட் ஆர்யூ விவகாரம் நல்ல பாடம். அந்த உரையாடல் சேவையின் சர்வர்கள் ஜெர்மனியில் ஹெட்ஸ்னர், லினோடு நிறுவனங்களிடம் இருந்தன. சர்வருக்குள் யாரும் நுழைந்ததாகத் தெரியவில்லை. யாரோ இணைப்பை வலைப்பின்னலிலேயே திருப்பி, இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பிடம், 'இது உண்மையான சர்வர்தான்' என்று காட்டும் இன்னொரு சான்றிதழை அதே பெயருக்கு வாங்கி, நடுவில் உட்கார்ந்துகொண்டார்கள். அந்தப் பெயருக்கு வரும் போக்குவரத்து யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் சான்றிதழ் தருபவர் சோதிக்கிறார். போக்குவரத்தே அவர்கள் கையில் இருந்தது. அந்தச் சான்றிதழ் காலாவதியானபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அரசு உத்தரவின்பேரில் நடந்திருக்கலாம் என்பது சேவையை நடத்தியவர்களின் ஊகம், நிரூபணமாகவில்லை.

மெயிலுக்கும் இதே ஆபத்து உண்டு. சான்றிதழ் தருபவரிடம் உள்ள உங்கள் கணக்கைத் தவிர வேறெதற்கும் சான்றிதழ் தரக் கூடாது என்று டிஎன்எஸ்ஸில் (இணையப் பெயர்களின் முகவரிப் பட்டியல்) சிஏஏ என்ற பதிவு போடலாம். வெளியாகும் சான்றிதழ்கள் பொதுப் பதிவேட்டில் ஏறுவதால், உங்கள் பெயரில் புதிதாக ஒன்று ஏறினால் எச்சரிக்கை வரும்படியும் செய்யலாம். இரண்டுக்கும் பணம் செலவில்லை. இருந்தும் நான் கைக்கு வாங்கிய பழைய சர்வர்களில் இவற்றைப் பார்ப்பது அரிது.

சர்வருக்கும் சர்வருக்கும் இடையிலான குறியாக்கம் பெரும்பாலும் 'முடிந்தால் செய்' என்ற அளவில்தான் இருக்கிறது. எதிர்முனையில் வசதி இல்லை என்று நடுவில் இருப்பவர் பொய்ப் பதில் கொடுத்தால், கடிதம் திறந்தபடியே போகும். உங்களுக்கு வரும் கடிதங்களுக்கு எம்டிஏ-எஸ்டிஎஸ் (குறியாக்கம் இல்லாமல் எனக்கு அனுப்பாதே என்று மற்ற சர்வர்களுக்கு முன்கூட்டியே அறிவிக்கும் ஏற்பாடு) இதைப் பெருமளவு தடுக்கும். கட்சிக்காரர் ஜிமெயிலில் இருந்தால் நகல் அங்கே கிடக்கும். அதற்கு, அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி கடிதத்தையே பூட்டும் பிஜிபிதான் வழி. வழக்கமான பிஜிபி பொருள் வரியை (சப்ஜெக்ட்) மறைக்காது. நம் வக்கீல்களோ கட்சிக்காரர் பெயரையும் கிரைம் நம்பரையும் அங்கேதான் போடுகிறார்கள்.

மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 உத்தரவு, லாக்குகளை (சர்வரின் செயல்பாட்டுப் பதிவுகள்) 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்கச் சொல்கிறது. நான் 180 நாள் வைக்கிறேன். அதற்கு மேல் ஒரு நாளும் வைப்பதில்லை. முடிந்த வழக்கின் கடிதங்களில் தேவையானதை பைலுக்கு எடுத்துக்கொண்டு மற்றவற்றை சர்வரிலிருந்தும் பேக்கப் டிஸ்க்கிலிருந்தும் அழித்துவிடலாம். விசாரணையோ உத்தரவோ நிலுவையில் உள்ள வழக்கின் கடிதத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. சாட்சியத்தை அழிப்பது தனிக் குற்றம்.